திறனறித் தேர்வும் பாகப்பிரிவினைக் கணக்கும்



மாங்காட்டில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தாயார், அண்மையில் மஃரிப் தொழுகைக்குப் பின் மகனுடன் வந்தார். ஒரு நிறுவனம் வேலைக்கு நடத்திய திறனறித் தேர்வில் அவன் தேறவில்லை. “இவனுக்கு அறிவு மட்டுதான், ஹஜ்ரத்” என்றார். மகன் தலைகுனிந்து நின்றான். அச்சொல்லை நாம் ஏற்கவில்லை.

இறைவன் வழங்கிய அறிவை எடைபோடும் தராசு அன்று அத்தேர்வு. சில வகைக் கணக்குகளையும் புதிர்களையும் குறித்த நேரத்துக்குள் முடிக்கும் பழக்கத்தையே அது பெரிதும் சோதிக்கின்றது. நிறுவனத்துக்கு நிறுவனம் வடிவம் மாறலாம். நாம் நன்கறிந்த குரூப் 4 தேர்வையே பார்ப்போம். 3 மணி நேரத்தில் 200 வினாக்கள்: தமிழுக்கு 100, பொது அறிவுக்கு 75, திறனறிவுக்கு 25. அந்த 25-இல் விழுக்காடு, விகிதம், மீச்சிறு பொது மடங்கு, எண்தொடர் போன்றவை இடம்பெறும். தரம் பத்தாம் வகுப்புதான்.

இவை நமக்கு அந்நியமானவையா? ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறந்தால், ஃபராயிள் சட்டப்படி சொத்தை 24 பங்காக்கி மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7 எனப் பிரிக்கின்றோம். 8, 3 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கே அந்த 24. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தம் இயற்கணித நூலின் ஏறத்தாழப் பாதியை வாரிசுக் கணக்குகளுக்கே ஒதுக்கினார்.

வட்டிக் கணக்கைப் படிப்பது கூடுமா எனச் சில பெற்றோர் தயங்குகின்றனர். வட்டி வாங்குவதும் கொடுப்பதும் ஹராம். அதன் கணக்கை அறிவது அவ்வாறன்று என்பதே நம் கருத்து. கூட்டுவட்டி பெருகும் விதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவனே அதன் கொடுமையை நன்கு உணர்வான்.

தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உள்ளது. கதவு திறந்திருந்தும், தேர்வில் தேறாதவர் உள்ளே நுழைய இயலாது. ஆகவே, ஒவ்வொரு மஹல்லாவிலும் இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் பழைய வினாத்தாள்களைப் பயிற்றுவிப்போம். பெண்பிள்ளைகளுக்கும் அவர்களுக்கேற்ற நேரத்தில் அதே பயிற்சி வேண்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்பே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். பயிற்சியே தராமல் பிள்ளையை மந்தன் என்பது நீதியாகாது. அந்த மாணவன் இப்போது நாள்தோறும் பத்துக் கணக்குகளைச் செய்து காட்டுகின்றான். வல்ல இறைவன் அவனுக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் ஹலாலான வாழ்வாதாரத்தை வழங்குவானாக! ஆமீன்.