டாக்டர் வேற, ஆஸ்பத்திரி வேற!

நியூஜெர்ஸி எடிசனில் இருக்கும் என் சித்தப்பா பையன் ராத்திரி பதினொன்றரைக்கு போன் செய்தால், சித்திக்குத் தெரியாமல் ஏதோ செலவு என்று அர்த்தம்.

"அண்ணே, நீ பி.காம்.தானே? ஒரு பில் அனுப்பறேன், பாரு."

(என் பி.காம்.மை இன்னும் மதிக்கிற ஒரே ஜீவன்.)

கதை இதுதான். ஒருநாள் நடுராத்திரி கிட்னியில் கல். ஆஸ்பத்திரி தன் இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று வலியோடு வலியாக செல்போனில் பார்த்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டு குஜராத்திக்காரர் காரில் ஏறியிருக்கிறான். எங்கள் வம்சம் அப்படி! ஊசி, ஸ்கேன், விடியற்காலை வீடு. ஆஸ்பத்திரி பில்லில் தன் பங்கையும் கட்டிவிட்டான். இரண்டு மாதம் கழித்து, பேரே கேள்விப்படாத ஒரு டாக்டர் கம்பெனியிலிருந்து கவர். 1,430 டாலர்!

"எந்த டாக்டர்டா?"

"நாலு நிமிஷம் வந்து, 'வலி ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு?'ன்னு கேட்டாரே, அவரு."

"என்ன சொன்னே?"

"ஒம்பதுன்னேன். பில்லைப் பார்த்தப்புறம்தான் பத்துன்னா என்னன்னு புரியுது."

அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகளில் எமர்ஜென்சி டாக்டர் அங்கே சம்பளக்காரர் கிடையாது. டாக்டர்களை சப்ளை செய்கிற தனிக் கம்பெனியின் ஆள். ஓட்டல் நெட்வொர்க்கில் இருக்கும். சர்வர் இருக்க மாட்டார்! இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக மிச்சத்தை நோயாளி தலையில் கட்டுவதற்கு அங்கே 'பேலன்ஸ் பில்லிங்' என்று பெயர். எங்களுக்குக் காலேஜில் பேலன்ஸ் ஷீட் மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

"கட்டாட்டி க்ரெடிட் ஸ்கோர் போயிடும்ணே. பேசாம கட்டிடறேன். அப்பா கண் ஆபரேஷனுக்கு வெச்ச பணம் இருக்கு..."

எனக்குச் சுருக்கென்றது. "இருடா. கை வைக்காதே."

இந்த வயிற்றெரிச்சலுக்காகவே அங்கே 'நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்' என்று ஒரு சட்டம். 2020 டிசம்பரில் கையெழுத்தாகி, 2022 ஜனவரி 1 முதல் அமல். அவசர சிகிச்சையில் நெட்வொர்க்கில் இல்லாத டாக்டர் பார்த்தாலும், நெட்வொர்க் டாக்டர் பார்த்திருந்தால் என்ன பங்கோ, அதுதான் நோயாளி கட்ட வேண்டியது. மீதிக்கு டாக்டரும் இன்ஷூரன்ஸ்காரனும் மத்தியஸ்தரிடம் போய் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"இன்ஷூரன்ஸ்லேர்ந்து ஈ.ஓ.பி.ன்னு ஒண்ணு வந்திருக்குமே, எங்கே?"

"அதுல 'திஸ் ஈஸ் நாட் எ பில்'னு போட்டிருந்துச்சு. பில் இல்லைன்னு அவனே சொல்றானேன்னு குப்பையில போட்டுட்டேன்."

சார், விஷயமே அந்தக் காகிதத்தில்தான்! வெப்சைட்டில் மறுபடி எடுக்கச் சொன்னேன். அந்த டாக்டர் வகையில் இவன் பங்கு 210 டாலர். பில்லையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மளிகைக்கடை கணக்குப்பிள்ளைகூடக் கண்டுபிடிப்பார், 1,220 டாலர் கூடுதல்.

முதலில் இன்ஷூரன்ஸுக்கு போன். பிறகு டாக்டர் கம்பெனிக்கு ஈ.ஓ.பி. நகலோடு ஒரு கடிதம். மசியாவிட்டால் அரசாங்க உதவி எண் 1-800-985-3059. அங்கே புகார் கொடுப்பேன் என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்தோம். (வரி என்னுடையது. இங்கிலீஷ் அவனுடையது.) மூன்று வாரத்தில் புது பில் வந்தது. 210.

நல்லவேளை, இவன் காரில் போனான். ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்கு அந்தச் சட்டம் உண்டு, ரோட்டில் போகிற ஆம்புலன்ஸுக்குக் கிடையாது! ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிப்போகும்போது எடுக்கிற குறுகிய காலப் பாலிசிகளையும் அது கண்டுகொள்வதில்லை. ஆன்சைட் கிளம்பும் தம்பிகள் சூட்கேஸில் புளிக்காய்ச்சலுக்குப் பக்கத்தில் இதையும் எழுதி வைத்துக்கொள்ளவும்.

போன வாரம் சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. அன்று ராத்திரியும் போன்.

"அண்ணே, உனக்கு நான் ஏதாவது ஃபீஸ் தரணுமே?"

"அதுக்கென்னடா, ரெண்டு மாசம் கழிச்சுத் தனியா பில் வரும்."