கணினி தளர்ந்துவிட்டதா?



பட்டணத்து மகன் கொடுத்துவிட்டுப் போன பழைய கணினி பல வீடுகளில் இன்னும் உழைக்கிறது. பிள்ளைகளின் பாடமும் மறைந்த பெரியவர்களின் படங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. திடீரென ஒரு நாள் அது தளர்ந்துவிடும். ஒரு படத்தைத் திறக்கவே வெகுநேரம் பிடிக்கும். பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். "ஆயுசு முடிந்தது, புதிது வாங்குங்கள்" என்று சொல்வோரும் உண்டு. பணத்தை எடுக்குமுன் இதைப் படியுங்கள்.

கணினியில் எல்லாவற்றையும் சேமித்து வைப்பது ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டு. அதிலுள்ளதை நினைவகத்துக்குக் கொண்டுபோக இரண்டு வழிகள் உண்டு. தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்களே பாலைத் தொட்டியில் ஊற்ற, கிராணி கணக்கை மட்டும் எழுதினால் வேலை ஓடும். இது டி.எம்.ஏ. முறை. கிராணியே பேனாவை வைத்துவிட்டு ஒவ்வொரு வாளியாகத் தூக்கினால்? கணக்கும் நிற்கும், வரிசையும் நிற்கும். இது பி.ஐ.ஓ. முறை. கணினியின் மூளையான சி.பி.யு.தான் அந்தக் கிராணி.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, தகவல் வரும் வழியில் ஆறு பிழைகள் சேர்ந்தால் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும். பிழை தொடர்ந்தால் பி.ஐ.ஓ.வில் கொண்டுபோய் நிறுத்தும். நொடிக்கு 100 மெகாபைட் வரை போகக்கூடிய வழியில் 16 மெகாபைட் போவதே அரிதாகிவிடும். பிழை நீங்கிய பிறகும் தானாக மேலே ஏறாது.

சரிசெய்வது எப்படி?

முதலாவது, படங்களையும் பத்திரங்களையும் பென்டிரைவில் பிரதி எடுங்கள். தளர்ச்சி, வன்தட்டு சாகப்போவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். மற்ற வேலைகள் பிறகுதான்.

இரண்டாவது, மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து, வன்தட்டின் தட்டையான நாடாக் கம்பியைக் கழற்றி அழுத்தமாக மாட்டுங்கள். அந்த நாடாவில் 80 மெல்லிய கம்பிகள் இருக்க வேண்டும். 40 மட்டும் இருந்தால் முழு வேகம் கிடைக்காது.

மூன்றாவது, மை கம்ப்யூட்டர் மீது வலது பொத்தானை அழுத்தி, புரோப்பர்ட்டீஸ், ஹார்ட்வேர், டிவைஸ் மேனேஜர் என்று செல்லுங்கள். ஐ.டி.இ. என்று தொடங்கும் பகுதியில் பிரைமரி ஐ.டி.இ. சேனலைத் திறந்து, அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ் பாருங்கள். பி.ஐ.ஓ. என்று இருந்தால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து, பழைய பிழைக் கணக்கை மறந்து, டி.எம்.ஏ.வுக்குத் திரும்பும்.

மறுபடியும் வேகம் விழுந்தால், கம்பியை மாற்றுங்கள். அப்போதும் விழுந்தால் வன்தட்டை மட்டும் மாற்றினால் போதும். முழுக் கணினியையும் அல்ல.

பின்னாளில் வந்த கணினிகளில் மெல்லிய சாட்டா கம்பி இருக்கும். அவற்றில் பலவற்றுக்கு மூன்றாவது வைத்தியம் பொருந்தாது. பிரதி எடுப்பதும், கம்பியைக் கழற்றி மாட்டுவதும் பொருந்தும். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு உதவி 2014 ஏப்ரலில் நின்றுவிட்டதால், அதில் வங்கி வேலை வேண்டாம்.

வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளை திடீரென மந்தமானால், முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்கிறோம். இயந்திரத்துக்கும் அதே நியாயம்தான். தள்ளிவிடுமுன் காரணத்தைத் தேடுங்கள். தேடுமுன் படங்களைப் பத்திரப்படுத்துங்கள்.