காலி இடம் எவ்வளவு?

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்து வானொலி நேயர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "64 ஜிபி பென்டிரைவ் வாங்கினேன். கணினியில் 59 ஜிபிதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?"

இல்லை. ஒரே அரிசியை இரண்டு படிகளால் அளக்கிறார்கள், அவ்வளவுதான். தயாரிப்பாளருக்கு 100 கோடி பைட் ஒரு ஜிபி. விண்டோஸுக்கோ ஏறக்குறைய 107 கோடி பைட் ஒரு ஜிபி. படி பெரிதானால் எண்ணிக்கை குறையும், அரிசி குறையாது. 1 டிபி வன்தட்டு 931 ஜிபி என்று காட்டுவதும் இதனால்தான்.

"படங்களை அழித்தேன், இடம் கூடவில்லையே?" என்பது அடுத்த கேள்வி. தோட்டத்துக் கிராணியாரை நினைத்துக்கொள்ளுங்கள். லயத்தில் எத்தனை வீடு காலி என்று கேட்டால் அவர் வீடு வீடாக நடக்கமாட்டார். பதிவேட்டைப் புரட்டிச் சொல்வார். கணினியும் அப்படித்தான். வன்தட்டைச் சிறு சிறு வீடுகளாக, பெரும்பாலும் 4 கேபி அளவில் பிரித்து, எது காலி என்று பதிவேடு வைத்திருக்கும். 5 கேபி கோப்புக்கும் இரண்டு வீடு வேண்டும். குப்பைத் தொட்டியில் கிடக்கும் படம் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை. தொட்டியையும் காலி செய்தால்தான் பதிவேட்டில் பெயர் அடிபடும். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 முறையோ, வழக்கமாக 5 விழுக்காட்டை நிர்வாகிக்கென்று ஒதுக்கிவிடும். துரைக்கென்று பூட்டி வைத்த வீடு மாதிரி!

பெயர் அடிபட்டாலும், புதியவர் குடிவரும்வரை பழைய சாமான் உள்ளேயே கிடக்கும். மெமரி கார்டில் கல்யாணப் படங்கள் தவறி அழிந்தால், அதில் புதிதாக ஒரு படமும் எடுக்காதீர்கள். மீட்பு மென்பொருளால் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. எஸ்எஸ்டி வகை வட்டில் அந்த வாய்ப்பு குறைவு.

பதிவேடே பொய்யானால்? அடிமாட்டு விலைக்கு '2 டிபி' என்று விற்கும் சில பென்டிரைவ்களில் உண்மையான இடம் அதில் சிறு பகுதிதான். உள்ளிருக்கும் சில்லு சொல்லும் பொய்க் கணக்கைக் கணினி அப்படியே நம்பிவிடும். கோப்பின் பெயர் தெரியும். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருள், காலி பென்டிரைவை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. பால்மரம் வெட்டிய பாட்டியின் பேச்சை ஒரு மணி நேரம் தரமான வேவ் கோப்பாகப் பதிந்தால் ஏறக்குறைய 635 எம்பி. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பலவும் இன்று இல்லை. பல குடும்பங்களில் மிச்சமிருப்பது அந்தக் குரல்தான். கைப்பேசியில் இடம் வேண்டுமென்று அசலை அழிக்கும் முன், நகலைத் திறந்து கடைசிவரை கேளுங்கள். இன்னொரு நகலை வேறோர் இடத்திலும் வையுங்கள். அதன் பிறகு அழியுங்கள்.