போர்டு போய்விட்டது என்று நம்பும் முன்

காலையில் கடை திறந்து பட்டனை அழுத்துகிறோம். கம்ப்யூட்டர் மூச்சு விடவில்லை. காட்டூர், பழவேற்காடு பக்கத்து வணிகர்களுக்கு இது புதிதல்ல. ஏரிக்கரையின் உப்புக் காற்று இரும்புத் தராசையே அரிக்கிறது. பிளக்கின் முனையையும் மெமரி கார்டின் தகட்டையும் விட்டு வைக்குமா? ஆனால் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ ஓடி, “மதர்போர்டு போய்விட்டது” என்றதும் கேட்ட தொகையைக் கொடுப்பதை நாம் ஏற்பதற்கில்லை. எடை பார்க்காமல் சரக்கு எடுக்கிறோமா?

முதலில் அதே பாயிண்டில் ஒரு மேசை விசிறியைச் செருகிப் பார்ப்போம். அடுத்து யு.பி.எஸ். அதன் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும்; செத்த பேட்டரியோடு சில யு.பி.எஸ்.கள் கரண்ட் இருந்தும் வேலை செய்யாது. ஆகவே கம்ப்யூட்டரை நேரே சுவர் பாயிண்டில் கொடுத்துப் பார்க்க வேண்டும். மானிட்டருக்குப் போகும் வயர் பெரும்பாலும் அதே வகைதான், மாற்றிச் செருகலாம். பெட்டியின் பின்புறச் சுவிட்சு கடை கூட்டும்போது அணைந்திருப்பதும் உண்டு!

உள்ளே விசிறி சுற்றுகிறது, திரைதான் இருட்டு என்றால் கரண்ட் வருகிறது. வயரைப் பிடுங்கிவிட்டு, மெமரி கார்டைக் கழற்றி, அதன் தகட்டைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டினால் பல சமயம் உயிர் வந்துவிடும். ஓசையே இல்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகம். சாதாரணப் பெட்டிகளில் அதன் 24 முனை பிளக்கில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தால் அதன் விசிறி சுற்ற வேண்டும். மெக்கானிக்கை இதை நம் கண்முன் செய்யச் சொல்லலாம். சுற்றினாலும் மீட்டர் வைத்து வோல்ட் பார்க்கச் சொல்வது நல்லது. அந்த டப்பாவை மட்டும் நாம் திறக்கக் கூடாது. கரண்டைத் துண்டித்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது போல் பெட்டி நனைந்திருந்தால், எரிகிறதா என்று போட்டுப் பார்ப்பதே தவறு.

செலவைவிட நமக்குப் பெரிய கவலை கணக்கு. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கட்டுவோர் 20ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்யாவிட்டால் நாளொன்றுக்கு ரூ.50 தாமதக் கட்டணம். கணக்குகளையோ, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். இதற்காவது ஆடிட்டரிடம் நகல் இருக்கலாம். மீன் படாத நாட்களில் வலைக்காரர் வீடுகளுக்குக் கடனாகக் கொடுத்த அரிசி, எண்ணெய் நிலுவைக்கு வேறு நகல் ஏது? கரண்ட் வராததால் ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டது என்று ஆகாது. அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்கலாம். ஆகவே பெட்டியைக் கொடுக்கும்போதே, கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது என்று எழுதி வாங்க வேண்டும்.

சங்கத்தில் பொதுவாக ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கி வைத்தால், சந்தேகம் வந்த கடையில் மாட்டிப் பார்த்துவிடலாம். ஒரு கடைக்குப் போர்டு வாங்கும் பணத்தில் இது முடியும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டுகிறோம்.