நம்ம டூர் பஸ் நிற்காமல் போன ஊர்

போன ஞாயிற்றுக்கிழமை கூந்தன்குளம் போய்வந்தேன். போட்டோ எங்கே என்று கேட்பீர்கள். என் போனில் எல்லாப் பறவையும் வெள்ளைப் புள்ளியாகத்தான் விழுந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

விடியுமுன் பாளையங்கோட்டையிலிருந்து மருமகன் பைக்கில் கிளம்பினோம். தை மாதப் பனி, காதைச் சுற்றி மஃப்ளர். மூலைக்கரைப்பட்டியில் ஒரு டீ. கரையில் ஏறி நின்றபோது நன்றாக வெளுத்துவிட்டது. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும். தள்ளி, இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் கழுத்தை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன.

ஆனால் நான் சொல்ல வந்தது ஊருக்குள் பார்த்தது. தெருவில் வீட்டு வாசல் வேம்பிலும் நாரைக் கூடு. கீழே கொடியில் துணி காயப்போட முடியாது. மீன் வாடையும் எச்ச வாடையும் மாசக்கணக்கில் இருக்கும். தீபாவளிக்கும் வெடி கிடையாது. திண்ணையில் இருந்த ஒரு அக்காவிடம், "கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன். "பேறுகாலத்துக்கு வந்த மகளை வெடியப் போட்டு வெரட்டுவாகளா சார்வாள்?" என்றார். நான் வாத்தியார் என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ!

எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம் என்பதும் உண்மைதான். அதற்காக மட்டும் யாரும் இத்தனை தலைமுறை பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல். ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது 2022இல். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்தது இந்த ஊர்.

இப்போது என் குற்றம். 31 வருட சர்வீஸில் எத்தனை தடவை உங்களைக் கன்னியாகுமரி டூர் கூட்டிப்போயிருப்பேன்! எல்லாம் நாங்குநேரி வழிதான். ஒரு தடவைகூட பஸ்ஸைத் திருப்பவில்லை. அதைவிட மோசம், ஒரு பரீட்சையில் 'பறவைகள் சரணாலயம் ஒன்றின் பெயர் எழுதுக' என்பதற்கு ஒரு பையன் கூந்தன்குளம் என்று எழுதினான். புத்தகத்தில் வேடந்தாங்கல்தானே இருக்கிறது என்று சிவப்பு மையில் அடித்தேன். அவனுக்கு அந்தப் பக்கத்து ஊர். அடித்ததற்கு அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் போடு. ஒரு மார்க் பாக்கி இருக்கிறது.

திரும்பும்போது காடன்குளம், விஜயநாராயணம் பெரியகுளம் இரண்டையும் பார்த்தோம். இவையெல்லாம் மனிதன் கரை போட்டு உண்டாக்கியவை. வடகிழக்குப் பருவமழை பெய்யணும், கூந்தன்குளத்துக்கு மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீரும் வரணும். வரத்துக்காலை மண் மூடினால் குளம் வற்றும். குளம் வற்றினால் எத்தனை போர்டு வைத்தாலும் பறவை தங்காது. மடை எது, மறுகால் எது என்று தெரியாமல் நம் பிள்ளைகள் வளர்வது எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு இவர்கள்தானே பஞ்சாயத்திலும் தாலுகா ஆபீஸிலும் உட்காரப்போகிறார்கள்?

இப்போது ஹெட்மாஸ்டராக இருக்கும் நம் மாணவர் ஒருவரிடம், இந்த வருட டூரை இங்கே வையுங்கள் என்றேன். "குளத்தைப் பார்க்கவா பணம் கட்டினோம் என்று பெற்றோர் கேட்பாங்க சார், தீம் பார்க்தான் கேக்காங்க" என்றார். அவர் சங்கடம் புரிகிறது. தீம் பார்க்குக்கும் போகட்டும். காலையில் இரண்டு மணி நேரம் இங்கே இறங்கிவிட்டுப் போகக்கூடாதா?

நாலு பஸ்ஸில் கூட்டிவந்து விசில் ஊதினால் அது இன்னும் கெடுதல். முப்பது பிள்ளைகள் போதும். சத்தம் கூடாது, கூட்டுக்குப் பக்கத்தில் போய் செல்ஃபி கூடாது. டீயும் வடையும் அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். அன்று காரில் வந்த பலர் படம் எடுத்துவிட்டுக் கண்ணாடியைக்கூட இறக்காமல் போனார்கள்.

கல்லூரியில் படிக்கும் பேரன் பேத்திகளுக்கு ஒன்று: தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கும். தன்னார்வலராகச் சேரலாம்.

ஆசிரியராக இருக்கும் பிள்ளைகள் யாராவது கூட்டிப்போவதாக இருந்தால் சொல்லுங்கள். நானும் வருகிறேன். என்னிடம் ஒரு பழைய பைனாகுலர் இருக்கிறது, இடது கண்ணில் மட்டும் கொஞ்சம் மங்கல்.