ரத்தக் காட்டேரித் தொடரில் ஒரு கையறுநிலை

பேய்க்கதைகளைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசுவதில் எப்போதும் ஒரு சிறு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் சமைக்கும் பகுதியை வகுப்பில் நடத்தும்போது வராத கூச்சம், புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைச் சிலாகிக்கும்போது வராத கூச்சம், ஓர் அமெரிக்க ரத்தக் காட்டேரித் தொடரின் ரசிகன் நான் என்று சொல்லிக்கொள்ளும்போது மட்டும் வந்துவிடுகிறது. பதினைந்து ஆண்டுகளாக இந்தக் கூச்சத்தைக் கட்டிக் காத்துவந்தேன். இனி அது வேண்டாம் என்று தோன்றியதற்கு அத்தொடரின் ஒரே ஓர் அத்தியாயம்தான் காரணம்.

'பஃபி தி வேம்பயர் ஸ்லேயர்' 1997 முதல் 2003 வரை ஏழு பருவங்களாக, 144 அத்தியாயங்களில் ஒளிபரப்பான தொடர். கலிபோர்னியாவில் சன்னிடேல் என்றொரு கற்பனை ஊர். அங்கே ரத்தக் காட்டேரிகளை வேட்டையாடுவதற்கென்றே விதிக்கப்பட்டவள் பஃபி. கூரிய மரமுளை நெஞ்சில் இறங்கினால் காட்டேரி பொடியாக உதிர்ந்துவிடும். இறந்தவர் புதைகுழியிலிருந்து எழுந்து வருவது அவ்வூரில் அன்றாட நிகழ்ச்சி. எனவே அங்கே ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணகர்த்தா உண்டு. அவனை அழிப்பதற்கு ஒரு பெண்ணும் உண்டு.

இந்த அமைப்பு நமக்குப் புதிதல்ல. என் தலைமுறையினர் தொண்ணூறுகளின் இறுதியில் சன் தொலைக்காட்சியின் முன் போர்வையைப் போர்த்திக்கொண்டு 'விடாது கருப்பு' பார்த்தவர்கள். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகாவின் இயக்கம், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. அதிலும் ஒவ்வொரு சாவுக்குப் பின்னாலும் 'யார் செய்தது?' என்ற கேள்வி நின்றது. கருப்பசாமியா, மனிதனா என்பதே கதையின் உயிர்நாடி. விடை எதுவாயினும், செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது நமக்கு ஓர் ஆறுதல். பேய்க்கதை நம்மை அச்சுறுத்துவதுபோலத் தோன்றினாலும், உண்மையில் அது தருவது இந்த ஆறுதலைத்தான்.

2001 பிப்ரவரி 27 அன்று ஒளிபரப்பான அத்தியாயம், இந்த ஆறுதலைப் பிடுங்கிக்கொள்கிறது. எழுதி இயக்கியவர் தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன். பஃபி வீட்டுக்கு வருகிறாள். அம்மாவுக்கு யாரோ அனுப்பிய பூங்கொத்து இருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே கூடத்துக்குள் நுழைகிறாள். சோபாவில் அம்மா ஜாய்ஸ் கண் திறந்தபடி கிடக்கிறாள். மூளைக் கட்டிக்கு அறுவை செய்துகொண்டு தேறிவந்த பெண். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோயிருக்கிறாள். கடித்தவர் யாரும் இல்லை. சாபம் இல்லை, மந்திரம் இல்லை. வீடனின் தாயாரும் இவ்வாறே மூளை ரத்தக்குழாய் வெடித்து இறந்தவர் என்பது பின்னணிச் செய்தி.

முதன்முறை பார்த்தபோது கதையோடு போய்விட்டேன். தங்கை டானாக நடித்த மிஷெல் ட்ராக்டன்பெர்க் 2025 பிப்ரவரி 26 அன்று 39 வயதில் மறைந்த செய்தி கேட்டு மறுபடி பார்த்தபோதுதான், இந்த அத்தியாயம் முழுவதும் கைகளால் ஆனது என்பது என் கண்ணில் பட்டது.

எத்தனையோ அரக்கர்களை வீழ்த்திய கைகளால் பஃபி அம்மாவின் மார்பை அழுத்துகிறாள். உயிர் திரும்பவில்லை, விலா எலும்பு ஒன்று முறிகிற ஓசைதான் கேட்கிறது. எந்த வலிமை ஊரைக் காத்ததோ அந்த வலிமையே அம்மாவின் எலும்பை ஒடிக்கிறது. மருத்துவ உதவியாளர்கள் வருவதற்கு முன், விலகியிருந்த அம்மாவின் ஆடையை அதே கை இழுத்துச் சரிசெய்கிறது. நண்பன் ஸாண்டர் கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் சுவரைக் குத்துகிறான். கை சுவருக்குள் மாட்டிக்கொள்கிறது. சூனியக்காரியான தோழி வில்லோ, துக்கத்துக்குப் போக எந்தச் சட்டையை உடுத்துவதென்று தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்து எறிகிறாள். மந்திரம் அறிந்த கைக்கு ஒரு சட்டையைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

தமிழ் படித்தவனுக்கு இங்கே ஒரு சொல் நினைவுக்கு வராமலிருக்க முடியாது: கையறுநிலை. தொல்காப்பியர் காஞ்சித்திணையில் வைத்த துறை அது. இறந்தோரை எண்ணி எஞ்சியோர் புலம்புவது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். 'கை' என்பதற்குச் செயல், ஒழுக்கம் என்றெல்லாம் பொருள் உண்டு என்றும், செயலற்றுப் போவதே கையறுதல் என்றும் விளக்குகிறேன். மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண். ஆனால் அந்தக் 'கை' உண்மையான கையும்தான் என்பதை நான் ஒருபோதும் சொல்லியதில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் அவன் வெற்றிகளின் பட்டியல் இல்லை. தம் தலையைத் தடவிக்கொடுத்த அவன் கையை அவர் நினைக்கிறார். கை அற்றுப்போவது என்றால் அதுவும்தான்.

இதை எனக்கு உணர்த்தியது நூலறிவு அன்று. 2023 மார்கழியில் புதுப்பட்டினத்து வீட்டில் என் அம்மா இறந்தார். திண்ணையில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். நான் உள்ளங்கால்களைத் தேய்த்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தேன். வந்தவர்கள் பார்த்துவிட்டு, "விட்டுடுங்க சார்" என்ற பிறகும் தேய்த்தேன். என் விரல்களில் அம்மா ஆய்ந்த புளியின் பிசுக்கு ஒட்டியிருந்தது.

சற்று நேரத்தில் உறவும் தெருவும் கூடிவிட்டன. ஒரு பெரியவர் தோளில் கைவைத்துக் கனிவாகத்தான் கேட்டார்: "பாடிய எப்ப எடுக்கிறீங்க தம்பி?" அரைமணி முன்னால் அம்மாவாக இருந்தவர் 'பாடி' ஆகிவிட்டார். நான் பேசும் அத்தியாயத்தின் பெயரும் அதுவேதான்: 'தி பாடி'. அவசர எண்ணில் பேசும் பெண், உடல் குளிர்ந்திருக்கிறதா என்று கேட்கிறாள். பஃபிக்கு முதலில் புரியவில்லை. உடலா, இது என் அம்மா அல்லவா என்று பதறுகிறாள். ஆங்கிலத்தில் அது ஒரு நெருடல். நம் தெருக்களிலோ அச்சொல்லே அன்றாட வழக்கு. அன்று அதைக் கேட்டு நான் சினந்தேன். அவர் இன்னொரு சொல்லைத் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது என்பது பிறகு புரிந்தது.

அன்று மாலைக்குள் காரணங்களும் வந்து சேர்ந்தன. கண்ணேறு என்றார் ஒருவர். புதிய மாத்திரையைச் சந்தேகித்தார் இன்னொருவர். வாசலில் இரண்டு நாளாகக் காகம் கரைந்ததைச் சொன்னார் அத்தை. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் ஒரு காட்டேரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை இந்தக் கரையில் கடல் ஊருக்குள் வந்தபோதும் இதே தேடலைப் பார்த்தேன். யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியாமல் கரையில் நின்று கடலைச் சபித்தவர்களை அறிவேன். பிறகு அவர்களே அதே கடலில் படகைத் தள்ளினார்கள். பழி சொல்ல ஆளில்லாத சாவை மனிதனால் வைத்துக்கொள்ள முடிவதில்லை.

நம் நெடுந்தொடர்கள் இந்த இயலாமையை நன்றாக அறிந்துவைத்திருக்கின்றன. ஒருவர் இறந்தால் இடி இடிக்கும். முகங்கள் மும்முறை திரும்பும். வில்லி மறைவில் நின்று சிரிப்பாள். எந்த நொடியில் அழவேண்டும் என்பதை இசை நமக்குச் சொல்லிவிடும். 'தி பாடி'யில் தொடக்கப் பாடலைத் தவிரப் பின்னணி இசையே கிடையாது. இசை இல்லாததால் நாம் அழுவதற்கு அனுமதி கிடைப்பதில்லை. ஒப்பாரியும் பறையும் நம் சாவு வீடுகளுக்கு ஏன் வேண்டியிருந்தன என்பதை, அவை இல்லாத இந்த அமெரிக்க வீடுதான் எனக்கு விளக்கியது.

'இவ்வளவு சிறப்பென்றால் காட்டேரி எதற்கு? நேராகக் குடும்பக் கதையாகவே எடுத்திருக்கலாமே?' என்று நண்பர்கள் கேட்கலாம். அதற்கான விடை பிணவறைக் காட்சியில் இருக்கிறது. அம்மாவைப் பார்க்க டான் தனியே பிணவறைக்குள் போகிறாள். பக்கத்து மேசையில் கிடந்த யாரோ ஒருவன் காட்டேரியாக எழுகிறான். பஃபி வந்து அவனோடு மல்லுக்கட்டுகிறாள். வழக்கமான வீர விளையாட்டு இல்லை. மூச்சிரைக்கும் வெறும் உருளல். எலும்பு அறுக்கும் ரம்பத்தால் அவன் கழுத்தை அறுக்கிறாள். அவன் உதிர்ந்துபோகிறான். அந்தக் கைகலப்பில் அம்மாவின் முகத்தை மூடியிருந்த துணி விலகுகிறது. ஐந்து பருவங்களாக எத்தனை பேர் செத்தும் எழுந்திருக்கிறார்கள்! இப்போதும் எழுந்தவன் எவனோ. எழாதவள் அம்மா. இறந்தவர் எழமுடியாத குடும்பக் கதையில் இந்த வரியை எழுதவே முடியாது. காட்டேரி இருக்கும் உலகில்தான் அம்மா எழாதது இவ்வளவு கனக்கிறது.

கடைசிக் காட்சியில் டான் அம்மாவின் கன்னத்தை நோக்கிக் கை நீட்டுகிறாள். அம்மா எங்கே போனாள் என்று கேட்கிறாள். விரல் தொடுவதற்குள் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அந்த இடைவெளி ஓர் அங்குலம் இருக்கலாம்.

கேளிக்கைக்காக எடுக்கப்படும் தொடர் இலக்கியம் ஆகுமா என்ற விவாதத்தில் எனக்கு இப்போது ஆர்வம் இல்லை. தன் ஆயுதம் பயன்படாத இடத்துக்குத் தன் நாயகியைக் கொண்டுபோய் நிறுத்தும் துணிவு எந்தக் கதைக்கு இருக்கிறதோ, அதைக் கூச்சமின்றிக் கொண்டாடலாம் என்பதே என் கட்சி. பேய்க்கதை எழுத வருகிற நம் இளைஞர்களும் ஒரே ஒரு சாவையாவது பழி சொல்ல ஆளில்லாமல் விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

வரும் பருவத்தில் ஔவையாரின் அந்தப் பாட்டை மறுபடி நடத்தவேண்டும். கையறுநிலைக்கு இலக்கணம் எழுதிப்போடுவதற்கு முன், ஒவ்வொருவரும் தங்கள் கையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வதாக இருக்கிறேன். அதற்கு மதிப்பெண் இல்லை.