அழித்த கோப்பு எங்கே போகிறது?

மறுநாள் காலை புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். பென் டிரைவில் இடம் போதவில்லை என்று இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து பழைய ஃபோல்டர்களை அழிக்கிறார் ஒரு மாணவர். கை தவறி ரிப்போர்ட் இருந்த ஃபோல்டரும் போய்விடுகிறது. ரீசைக்கிள் பின்னில் தேடினால் அங்கே இல்லை. பென் டிரைவில் அழிப்பவை பொதுவாக அங்கே வருவதில்லை. பதற்றத்தில் இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு மீட்பு மென்பொருளை இறக்கி, கிடைத்ததையெல்லாம் அதே பென் டிரைவில் சேமிக்கிறார். உண்மையில் அந்தக் கோப்பு அழிவது அப்போதுதான்!

டெலீட் அழுத்தியவுடன் கோப்பு மறைந்துவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. குடியிருந்தவர் சாமான்களை எடுக்காத வீட்டில், வாசலில் மட்டும் 'வாடகைக்கு' என்று பலகை மாட்டுவது போன்றது அது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் கோப்பின் பதிவு 'பயன்பாட்டில் இல்லை' என்று குறிக்கப்படுகிறது. பென் டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32 முறையில் பெயரின் முதல் எழுத்து மாற்றப்பட்டு, அந்த இடம் காலி என்று எழுதப்படுகிறது. உள்ளே இருக்கும் தகவல் அப்படியே கிடக்கும், புதுக் குடித்தனம் வரும் வரை.

ஆகவே முதல் வைத்தியம் எதையும் செய்யாமல் இருப்பதுதான். அந்த டிரைவில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. மீட்பு மென்பொருளை அதில் நிறுவக் கூடாது, மீட்டதையும் அதில் வைக்கக் கூடாது. ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஃபோட்டோரெக் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாளத்தை வைத்துத் தேடுகிறது. அதனால் படம் திரும்பக் கிடைக்கும், வைத்த பெயர் பெரும்பாலும் கிடைக்காது.

இதெல்லாம் பழைய வன்தட்டுக்கும் பென் டிரைவுக்கும் பொருந்தும். இன்றைய லேப்டாப்களில் இருக்கும் எஸ்எஸ்டி வேறு ரகம். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் 'ட்ரிம்' என்ற கட்டளை இருக்கிறது. அழித்த இடம் எது என்று இயங்குதளமே எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். அது தன் வசதிப்படி அதைத் துடைத்துவிடும். புதுக் குடித்தனம் வரும் முன்பே வீட்டுக்காரர் சாமான்களை வெளியே எறிந்துவிடுகிறார். அதற்குப் பிறகு எந்த மென்பொருளும் உதவாது. 'நூறு சதவீதம் மீட்டுத் தருகிறோம்' என்று பணம் கேட்கும் விளம்பரங்களை நம்பாமல் இருப்பதே நல்லது.

அப்படியானால் என்னதான் வழி? 1998-ல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகளை யாரோ இட்ட ஒரு கட்டளை அழிக்கத் தொடங்கியது. காப்பு நகலைத் தேடிப் போனபோதுதான் அது சரியாக வேலை செய்யவில்லை என்பதே தெரிந்தது. படத்தைக் காப்பாற்றியது எந்த மீட்பு மென்பொருளும் அல்ல. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. மறு வருடம் படம் வெளிவந்தது.

மீட்பது அதிர்ஷ்டம், நகல் வைப்பது புத்தி. அந்த நகலும் திறக்கிறதா என்று அவ்வப்போது பார்த்தால்தான் அது நகல். கல்லூரிகளில் புராஜெக்ட் எவ்வளவு முடிந்தது என்று வாராவாரம் கேட்கும் வழிகாட்டிகள், "இரண்டாவது காப்பி எங்கே இருக்கிறது?" என்றும் சேர்த்துக் கேட்கலாம். அந்த ஒரு கேள்வி பல மாணவர்களின் ஆறு மாத உழைப்பைக் காப்பாற்றும்.